தோணியில் படுத்த பத்து நாள்

காலை பத்து மணிக்கு அருளப்பு ஆஸ்பத்திரியில் இறந்த செய்தி வங்காலைக் கிராமத்துக்கு வந்தது. மனைவி மாக்கிறட் அழுதாள். அந்த அழுகைக்குள்ளும் அவளுக்கு அவரைப் பற்றிப் பெருமை இருந்தது.

கலியாணமான புதிதில், கொழும்புக்குப் போனவர் பால்வினை நோயோடு திரும்பி, அதை மறைக்காமல் அவளிடம் சொன்னார். இனி இவரை நம்பலாமா என்று அவள் தவித்தாள். இருவருக்கும் ஊசி போட்ட டொக்டர், மறுபடி பார்த்துச் சொல்லும்வரை சேரக்கூடாது என்றார். வீட்டில் ஒரே அறை. அருளப்பு கரையில் தன் மீன்பிடித் தோணிக்குள் படுத்தார்.

“என்ன அண்ணை, மனிசி கலைச்சுப் போட்டாவோ?” என்று கூட்டாளி பேதுரு சிரித்தான்.

“மடு மாதாவுக்கு நேர்த்தியடா” என்று அருளப்பு சமாளித்தார்.

பத்தாம் நாள் மழை. மாக்கிறட்டே கரைக்குப் போனாள்.

“சுகமாத்தானே இருக்கிறியள், உள்ளுக்கு வாங்கோ.”

“நாளைக்கு டொக்டர் சொல்லட்டும். உனக்கு இன்னொருக்கா வருத்தம் தரமாட்டன்.”

நனைந்தபடி திரும்பியவளுக்கு அதற்குப் பிறகு அவர் சொல்லில் சந்தேகமே வந்ததில்லை.

அவள் கேட்டதற்காக, பூட்டித் தருவதாகச் சொல்லி வாங்கிய குசினிக் கதவுக் கொளுக்கியை மட்டும் அவர் கடைசிவரை பொருத்தவில்லை.