தண்ணீருக்குள் இருமுகிறவள்

முப்பத்தேழு புள்ளி நான்கு டிகிரி என்பது காய்ச்சலா, இல்லையா? இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. என் மகனின் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் முப்பத்தேழரை காட்டினால் பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அவன் காதில் வைத்த வெப்பமானி அதற்கு ஒரு புள்ளி குறைவாகக் காட்டியது. மறு காதிலும் வைத்துப் பார்த்தேன். அதே எண்.

பொங்கோலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினான்காவது மாடியில் இருக்கிறோம். கணவருக்குக் கப்பல் பழுதுபார்க்கும் வேலை. வாரத்தில் நான்கு நாள் கடலுக்கு அந்தப் பக்கம் பாத்தாம் தீவில் இருப்பார். மூன்று வயது மகனுக்கும் பத்து வயது மகளுக்கும் மாறி மாறி உடம்புக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. அவன் எழுந்தால் அவள் படுப்பாள். நான் புள்ளியியல் படித்தவள். வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தபின் நான் குறித்துவைக்கும் எண்களெல்லாம் இவர்கள் இருவரின் உடம்புச் சூடுதான்.

மகனுக்குக் கொஞ்சம் தேவலை என்றால் எல்ஆர்டி என்ற குட்டி ரயிலில் ஏற்றிக்கொண்டு போவேன். அது வட்டப் பாதை. யார் யார் வீட்டுச் சமையலறை ஜன்னல்களையோ பார்த்தபடி ஒரு சுற்று வந்து, ஏறிய நிலையத்திலேயே இறங்குவோம். மறுபடியும் மின்தூக்கி, மறுபடியும் பதினான்காவது மாடி.

மகளுக்கு மட்டும் நீச்சல் இருந்தது. அன்று பள்ளி விடுமுறை. பத்து மணிக்குப் போட்டிக் குழுவுக்கான தேர்வு. தம்பி வீட்டில் இருந்தால் அவளும் வீட்டில்தான். அழைத்துப் போக வேறு ஆள் கிடையாது. அவள் ஏற்கெனவே நீச்சல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு செருப்பு அலமாரி அருகே நின்றிருந்தாள். நான் அவனுக்கு ஐந்து மில்லி காய்ச்சல் மருந்து கொடுத்தேன். பாவம், உடம்பு வலிக்கும் என்று எனக்கே காரணமும் சொல்லிக்கொண்டேன்.

எட்டு மணிக்குப் பராமரிப்பு நிலைய வாசலில் முப்பத்தாறு புள்ளி எட்டு.

"என்ன தம்பி, இன்னிக்கு ஜம்முனு இருக்கீங்க! ஃபீவரெல்லாம் போயிருச்சா?" என்றார் டீச்சர்.

"போயிருச்சு டீச்சர்," என்றேன் நான்.

"அப்ப ஓகே லா."

சாலைக்கு வந்ததும் மகள் கேட்டாள். "ஒரு மணி நேரத்துல வேலை செய்யுதுல்லம்மா?"

எனக்குக் கேட்காததுபோல் நடந்தேன்.

நீச்சல் குளத்தில் பெற்றோர் உட்காரும் படியில், மடியில் கைப்பேசியை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால் ஓட வேண்டும். வரவில்லை. ஆனால் குளத்தில் ஒன்றைப் பார்த்தேன். ஒவ்வொரு முறை சுவரைத் தொடும்போதும், தலையைத் தூக்குவதற்கு முன், மகளின் முகத்தைச் சுற்றிக் குமிழிகள் கொத்தாகக் கிளம்பின. பக்கத்துப் பிள்ளைகளிடம் அது இல்லை. அவள் தேர்வாகிவிட்டாள். மூச்சை அடக்குவதில் கெட்டிக்காரி என்று பயிற்றுவிப்பாளர் என்னிடமே வந்து பாராட்டினார்.

திரும்பும்போது பேருந்தில் கேட்டேன். "சுவத்துக்கிட்ட என்னடி பண்ணின?"

"இருமினேன்."

"தண்ணிக்குள்ளயா?"

"உள்ள இருமினா யாருக்கும் கேக்காதும்மா."

"எத்தனை நாளா இப்படி?"

"போன வாரத்துலேர்ந்து. சொன்னா நீங்க நீச்சலை நிப்பாட்டிருவீங்க. அப்புறம் நானும் தம்பியும் டிரெய்ன்ல ரவுண்டு போகணும்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாலையில் மகன் நிலையத்திலிருந்து ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான். உடம்பு குளிர்ந்திருந்தது. இரண்டு நாள் கழித்து அவன் வகுப்பில் வேறொரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. அது இவனிடமிருந்து போனதா என்று நான் யாரிடம் கேட்பது?

சனிக்கிழமை கணவர் வந்ததும் மகனை அவரிடம் விட்டுவிட்டு, மகளை லிட்டில் இந்தியாவில் ஒரு தமிழ் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் முதுகில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு அவளிடமே பேசினார்.

"நீந்தும்போது இருமல் வருதாம்மா?"

"இல்ல டாக்டர்." கண் இமைக்காமல் சொன்னாள்.

வெளியே இன்னும் ஆறேழு பேர் காத்திருந்தார்கள். அவர் எழுதத் தொடங்கினார். "வருது டாக்டர்," என்றேன். "தண்ணிக்குள்ள இருமுறா. எனக்குத் தெரியும்."

அவர் பேனாவை வைத்துவிட்டு மறுபடியும் பரிசோதித்தார். மூச்சுக்குழாயில் வீக்கம் இருக்கலாம் என்றார். மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்து ஒன்று கொடுத்தார். இரண்டு வாரம் குளத்தில் இறங்கக் கூடாது. அதன்பின் இருமல் இல்லை என்றால் போகலாம்.

பஃபலோ சாலையில் காய்கறிக் கூடைகளுக்கும் வார இறுதிக் கூட்டத்துக்கும் நடுவில் அவள் நின்றுவிட்டாள்.

"தம்பிக்கு மருந்து குடுத்தத நான் டீச்சர்கிட்ட சொன்னேனா?"

முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்தார். நான் மகளின் கையைப் பிடிக்கப் போனேன். அவள் பையை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

இரண்டு வாரம் நாளையோடு முடிகிறது. "இருமல் இருக்கா?" என்று கேட்டால், "இல்ல," என்கிறாள். இரவில் அவள் அறையில் சத்தமே இல்லை. தலையணையில் முகம் புதைத்துத் தூங்குகிறாள். முன்பு அப்படித் தூங்கியவளா என்று யோசிக்கிறேன், நினைவில்லை. கணவர், "பிள்ளை சொன்னா நம்பிடு," என்கிறார். நம்பினால் மூச்சு முட்டும் ஒரு பிள்ளையைத் தண்ணீரில் இறக்கியவளாவேன். நம்பாவிட்டால் அவள் இனி எதையுமே என்னிடம் சொல்லமாட்டாள். டீச்சரிடம் போய் நடந்ததைச் சொல்லிவிடலாமா என்றும் நினைத்தேன். அதைப் பார்த்து அவள் திருந்துவாளா, இல்லை இன்னும் நன்றாக மறைக்கக் கற்றுக்கொள்வாளா?

பிள்ளை வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். உடம்பு சரியில்லை என்று உங்கள் பிள்ளை தானாக வந்து உங்களிடம் சொல்கிறதா? அப்படிச் சொல்ல வைக்க நீங்கள் என்ன செய்தீர்கள்?