ஒற்றை யானைக் கதவும் யுவராஜ் நைனாரின் பழைய போர்டும்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் யுவராஜ் நைனாருக்கு வயது நாற்பத்தெட்டு. இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒரு மதர்போர்டையும் காயலான் கடைக்குப் போட்டதில்லை. அதைத் தொலைநோக்கு என்கிறார் அவர். சோம்பல் என்கிறார் மனைவி மருதேவி. கம்ப்யூட்டர் கேபினட்டை அவர் தட்டிப் பார்க்காமல் திறந்ததும் இல்லை. அதற்குக் காரணம் சமணம். உள்ளே கரப்பானோ பல்லியோ குடியிருந்தால், அது வெளியேறிய பிறகுதான் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே போகும். காத்திருப்பவர்களுக்கு டீ உண்டு.

போன தை மாதம் ஒரு வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, அனந்தபுரம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் ஆதிமூலம் ஆசாரி அவரைக் கூப்பிட்டனுப்பினார். மளிகைக்கடை கந்தசாமியின் புது வீட்டுக்கு மறுநாள் விடியற்காலை கிரகப்பிரவேசம். தலைவாசல் கதவில் நடுவே லட்சுமி, இரு பக்கமும் யானை. கம்ப்யூட்டர் சொல்படி மரம் செதுக்கும் மிஷினுக்கு அது எட்டு மணி நேர வேலை. மாலை ஆறு மணிக்குக் கதவு வண்டி ஏறியாக வேண்டும். முந்தின நாள் கரண்ட் ஏறி இறங்கியதில் பட்டறைக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு உயிரை விட்டிருந்தது. ஆசாரி சளைக்காமல் புதுசு வாங்கி வந்துவிட்டார். மிஷினுக்கு உத்தரவு போடும் கார்டுதான் அதில் இறங்க மறுத்தது.

கார்டு பழைய பிசிஐ வகை. அடியில் தங்க நிறப் பல்வரிசை, குறுக்கே ஒரு வெட்டு. புது போர்டில் இருந்ததெல்லாம் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட். பெயரில் உறவு உண்டே தவிர, இரண்டுக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது.

நைனார் போனபோது கார்டு பட்டறையின் இடுக்கிப் பிடியில் இறுகியிருந்தது. ஆசாரி கையில் அரம்.

"ஆசாரி! இன்னா பண்றீங்க?"

"துளையில எறங்கலன்னா கொஞ்சம் சீவி உடணும் நைனாரே. முப்பது வருசமா அதான் பண்றேன்."

"அது தேக்கு இல்ல!"

"தெரியுது. தேக்குன்னா இந்நேரம் எறங்கியிருக்கும்."

கார்டின் மேல் பென்சில் கோடு நேர்த்தியாக விழுந்திருந்தது. ஒரு பல் ஏற்கெனவே போய்விட்டது. நைனார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"கடைக்கோடிப் பல்லுதான் போயிருக்குது. அதுக்குப் பெருசா வேல கெடையாது. இன்னும் நாலு சீவியிருந்தா லட்சுமியே வந்து சொன்னாலும் மிஷின் அசையாது. வாங்க, பழைய ஸ்லாட் வெச்ச போர்டு நம்ம கடையில இருக்குது."

இருந்தது. பழைய கேபினட்டுக்குள் அந்த ஸ்லாட்டைச் சுற்றி எறும்புகளும் இருந்தன, வெள்ளை முட்டைகளோடு.

"ஊதி உட்டா போவாதா?"

"முட்ட இருக்குது, ஆசாரி. குடும்பத்தோட வீடு மாறணும்."

"எனக்கு ஆறு மணிக்கு வண்டி!"

"அதுங்களுக்கு அது தெரியாதே. டீ சாப்புடுங்க."

நைனார் கேபினட்டை வெயிலில் திறந்து வைத்து, பக்கத்து நிழலில் ஈர அட்டைப்பெட்டி ஒன்றை வைத்தார். எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வரிசை கலையாமல் குடிபெயர்ந்தன. கடைசி முட்டை போகும்போது மணி பதினொன்றரை; ஆசாரி நாலு டீ முடித்திருந்தார். கார்டு ஸ்லாட்டில் சொன்னபடி உட்கார்ந்தது. பட்டறைக்குக் கொண்டுபோய் அங்கிருந்த பழைய ஹார்டு டிஸ்க்கை மாட்ட, பன்னிரண்டரைக்கு மிஷின் ஓடத் தொடங்கியது.

ஆறு மணிக்குக் கந்தசாமி வண்டியோடு வந்தார். லட்சுமி இருந்தாள். வலது யானை துதிக்கை தூக்கி நின்றது. இடது பக்கம் வெறும் மரம்.

"இன்னொரு யானை எங்கய்யா?"

ஆசாரி நைனாரைக் காட்டினார். நைனார் எறும்பு முட்டை வரை ஒளிக்காமல் சொன்னார். கந்தசாமி வெறும் மரத்தைத் தடவிப் பார்த்தார்.

"நாளைக்கு வர்ற சனத்துக்கு நான் இன்னா சொல்றது?"

"மால போட்டு மறச்சிடலாங்க. யானைய ஞாயித்துக்கெழம முடிச்சிக் குடுத்துடறேன்" என்றார் ஆசாரி.

விடியற்காலை, கதவின் இடது பாதியில் எட்டு முழம் சாமந்தி தொங்கியது. சாஸ்திரப்படி முதலில் உள்ளே போக வேண்டிய பசுவை ஓட்டி வந்தார்கள். அது வாசலில் நின்று, மாலையை அடியிலிருந்து நிதானமாகத் தின்னத் தொடங்கியது. வெறும் மரம் சாண் சாணாக வெளியே வந்தது.

"யாராச்சும் மாட்ட இழுங்கடா!" என்று கத்தினார் கந்தசாமி.

கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றவர் நைனார்.

"சாப்ட்டு வரட்டுமே, அண்ணே" என்றார்.