சத்தார்குல் எழுப்பிய வாசனை

டிராக்டர் வாங்கினால் ஆள் தேவை குறையும் என்று எல்லோரும் சொன்னார்கள். சத்தார்குல் விஷயத்தில் அது சொன்னதைவிட நன்றாகவே பலித்தது. ஒரே வசந்தத்தில் அவருக்கு ஆளே இல்லாமல் போயிற்று.

முன்பெல்லாம் பீன்ஸ் வயல் உழவுக்குப் பக்கத்து வீட்டு தோலோமுஷ் தன் பழைய வண்டியைக் கொண்டுவருவான். பாதி நாள் உழுவான், பாதி நாள் சாப்பிடுவான், முழு நாளும் சத்தார்குலை ஏசுவான். இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சைத் தேய்த்தவர்கள். கிர்கிஸ் நாட்டுத் தலாஸ் பள்ளத்தாக்கில் இப்படிச் சமவயதுக்காரனுக்குக் குர்தாஷ் என்று பேர். அண்ணன் தம்பி பேசினால் வெட்டுக்குத்து ஆகும் பேச்சையெல்லாம் குர்தாஷ் பேசலாம். பேசாவிட்டால்தான் ஏதோ கோளாறு.

இப்போது கோளாறு. தோலோமுஷ் அவரை ‘நீங்க’ என்கிறான்.

தப்பு நடந்தது டிராக்டர் வந்த அன்று. சத்தார்குல் ஊரைக் கூப்பிட்டு ஆடு வெட்டினார். எந்த எலும்பு யாருக்கு என்பது அங்கே விளையாட்டு இல்லை; ஒருவன் ஊரில் எந்தப் படியில் நிற்கிறான் என்று தட்டில் வைத்துச் சொல்கிற காரியம். வழக்கமாக மனைவி புருல்சா கதவோரம் நின்று பேர் பேராகக் கிசுகிசுப்பாள், இவர் தனக்கே தெரிந்தது போல எடுத்து வைப்பார். இந்த முறை புருல்சா மாஸ்கோவில் யாரோ ஒருவருடைய மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தோலோமுஷுக்குப் போக வேண்டிய பின்தொடை எலும்பு விதை வியாபாரியின் தட்டுக்குப் போயிற்று. தோலோமுஷுக்கு விழுந்தது முன்னங்கால் எலும்பு, சின்னப் பையன்களுக்கு ஒரு படி மேலே.

தோலோமுஷ் சண்டை போடவில்லை. எலும்பைச் சுத்தமாகக் கடித்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, “கறி நல்லா இருந்துச்சுங்க. வண்டியும் நல்லா இருக்குங்க” என்றான். விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அந்த ‘ங்க’வைக் கேட்டார்கள்.

போய் மன்னிப்புக் கேட்கலாம்தான். ஆனால் எலும்புக்காக மன்னிப்புக் கேட்டால், நிறுத்துப் பார்த்துத்தான் வைத்தேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். கேட்காவிட்டாலும் அப்படித்தான். ஆகவே சும்மா இருந்தார். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “நல்லா இருக்கீங்களா?” என்ற விசாரிப்பு மட்டும் தவறாமல் வந்தது. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். மனைவி, மகள், மருமகன் எல்லோரும் அவரை ‘நீங்க’ என்பவர்கள். ‘நீ’ என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்தது ஒருவன்தான். அவனும் மரியாதை கற்றுக்கொண்டான்.

புதிய எஞ்சினுக்கு முதல் எண்ணெயைச் சீக்கிரமே மாற்றிவிட வேண்டும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். உள்ளே ஒன்றோடொன்று உரசிப் பழகும் இரும்புகள் விடுகிற தூள் அதில் கலந்திருக்குமாம். லேசான வேலைகள் வாங்கிப் பழக்கியாயிற்று, இனி உழவு. நகரத்து மெக்கானிக் ஒற்றை வண்டிக்காக இவ்வளவு தூரம் வரமாட்டேன் என்றான். தோலோமுஷைக் கூப்பிடுவது நடக்காது. அந்த வியாழக்கிழமை மத்தியானம் சத்தார்குல் தானே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, பழைய கம்பளத்தை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார்.

கூட வந்த புத்தகம் அவருக்குத் தெரியாத மொழியில் இருந்தது. படத்தில் வண்டியின் வயிற்றில் இரண்டு போல்ட்டுகள், அண்ணன் தம்பி போல. கைக்கு எட்டியதைத் திருகினார். எண்ணெய் சூடாக இறங்கட்டும் என்று எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு நிறுத்தியிருந்தார். இறங்கியதோ வெதுவெதுப்பாக, தேன் நிறத்தில், அவசரமே இல்லாமல் இறங்கியது. இவ்வளவு சுத்தமான எண்ணெயை ஏன் மாற்றச் சொன்னான் என்று விற்றவன் மேல் சந்தேகம் வந்ததே தவிர, தன் மேல் வரவில்லை. போல்ட்டை மூடிவிட்டு எழுந்தபோது போன் அடித்தது. புருல்சா.

“என்ன பண்றீங்க?”

“மாய் மாத்திக்கிட்டு இருக்கேன்.”

“எதுக்கு? ஜாடியில இருக்கிறது புது வெண்ணெய்தானே?”

வெண்ணெய், ஆட்டுவால் கொழுப்பு, பலகாரம் பொரிக்கிற எண்ணெய், எஞ்சினுக்கு ஊற்றுவது, எல்லாவற்றுக்கும் கிர்கிஸில் ஒரே சொல்தான்: மாய். டிராக்டருக்கு என்று சொன்னார். தோலோமுஷ் கூட இருக்கிறாரா என்று அவள் கேட்டாள். இருக்கான் என்றார்.

“சத்தமே காணோமே? அவர் வாய் மூடி நான் பாத்ததில்லையே.”

“வண்டிக்கு அடியில படுத்திருக்கான்” என்றார் சத்தார்குல். ஆளைத்தான் மாற்றிச் சொன்னார், இடம் சரிதான்.

வைக்கும் முன், இன்று வியாழன், மாமனாருக்கு வாசனை எழுப்பினீர்களா என்று கேட்டாள். வியாழன், வெள்ளியில் வீட்டில் மாய் காய்ந்து மணம் எழ வேண்டும்; போய்ச் சேர்ந்தவர்கள் அந்த மணத்தைத் தேடி வருவார்கள். அவள் இருந்தால் மாவு பிசைந்து போர்சோக் பொரிப்பாள். அவள் போன பிறகு அந்த வீட்டில் எதுவும் பொரியவில்லை. ஒற்றை ஆளுக்கு மாவு பிசைவதா? பொரித்ததைத் தின்பது யார்?

போனை வைத்துவிட்டு சத்தார்குல் பாத்திரத்தில் இருந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாய் காய வேண்டும் என்றுதான் வழக்கம் சொல்கிறது. எந்த மாய் என்று சொல்லவில்லை. அப்பா கூட்டுப்பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். வீட்டுக்குள் அவர் வருவதற்கு முன்னால் அந்த வாசனைதான் வரும். போர்சோக் மணம் ஊரில் எல்லா வீட்டிலும் எழுகிறது. கிழவர் எந்த வாசல் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? இது என்றால் நேரே வருவார். சோம்பலும் பாசமும் இப்படி ஒரே முடிவுக்கு வருவது எப்போதாவதுதான் நடக்கும். முற்றத்து அடுப்பைப் பற்றவைத்து, மாட்டுத் தீவனம் கிண்டும் அகப்பையில் ஒரு அகப்பை மொண்டு நெருப்பில் விட்டார்.

புகை கறுப்புத் தூணாக எழுந்தது. பாப்ளார் மரங்களின் உச்சியைத் தாண்டியும் போயிற்று. சத்தார்குல் இருமிக்கொண்டே பிரார்த்தனையைத் தொடங்கினார், முடிக்க முடியவில்லை.

மதில்மேல் ஒரு வாளி தெரிந்தது. அதன் பின்னால் தோலோமுஷ்.

“டேய் சத்தார்! உயிரோட இருக்கியா, வெந்துட்டியா?”

 இன்னொரு தடவை கேட்கட்டும் என்று இருந்தது சத்தார்குலுக்கு.

“உன்னைத்தான்டா, மொட்டை! காதும் போச்சா?”

“இருக்கேன்” என்றார்.

தோலோமுஷ் குதித்து வந்தான். வாளித் தண்ணீரில் பாதி அவன் காற்சட்டையில் இருந்தது. எதைக் கொளுத்துகிறாய் என்று கேட்டவன், அப்பாவுக்கு வாசனை என்றதும் வாளியைக் கீழே வைத்தான். பிரார்த்தனையை முடிக்கிற வழக்கப்படி இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் தடவிக்கொண்டான். பிறகு மூக்கைச் சுருக்கினான்.

“இது எஞ்சின் மாய் இல்லடா. அழுகின முட்டை நாத்தம் அடிக்குது. கியர் பாக்ஸைக் காலி பண்ணியிருக்க.”

புது எண்ணெய் டப்பா மூடி திறந்து, புனல் எஞ்சின் வாயில் சொருகி, எல்லாம் தயாராக இருந்தது. தோலோமுஷ் அதையும் பார்த்தான்.

“நிறைஞ்ச வயித்துல இன்னும் ஊத்திட்டு, காஞ்ச கியரோட உழப் போயிருப்ப. பாதி வயல் தாண்டாது. உங்கப்பா மோந்து பாத்திருந்தா, இவனுக்கா என் பேரைக் குடும்பப் பேரா விட்டுட்டு வந்தேன்னு அப்படியே திரும்பிப் போயிருப்பாரு.”

“உனக்கு எப்படி இவ்வளவு தெரியுது?”

“எனக்கா? என் வண்டியோட கியர் பாக்ஸ் எப்படிப் போச்சுன்னு நினைச்ச? பழசுன்னு ஊர்ல சொன்னேன், அவ்வளவுதான்.”

முதலில் அவன் வேலை எதையும் தொடவில்லை. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துகொண்டு, சத்தார்குல் வண்டிக்கு அடியில் படுத்திருந்த விதத்தை, ஸ்பேனர் பிடித்த லட்சணத்தை, கம்பளத்துக்கு வெளியே நீண்டிருந்த காலுறை ஓட்டையைக் குறை சொன்னான். சரியான போல்ட்டைத் திறந்ததும் எண்ணெய் கரேலென்று, கை சுடும்படி, பொடி மினுமினுக்க வந்தது. தேன் நிற எண்ணெயைத் துணியில் வடிகட்டி, வந்த இடத்திலேயே திரும்ப ஊற்றினார்கள். ஒரு அகப்பை குறைந்தது. அது அப்பா குடித்த பங்கு என்றான் தோலோமுஷ். தன் வீட்டு டப்பாவிலிருந்து கொண்டுவந்து நிரப்பினான். பில்டரை மாற்றி, புது எண்ணெயை ஊற்றி எஞ்சினைக் கிளப்பினார்கள். வண்டி பூனை போல உறுமியது.

சத்தார்குல் தேநீரும் ரொட்டியும் கொண்டுவந்தார். கூடவே ஒரு தட்டில் ஆறிப்போன கறி. தோலோமுஷ் தட்டைக் கிளறிப் பார்த்தான்.

“எலும்பே இல்லையா? நல்லதாப் போச்சு. தப்புப் பண்ண வழியில்ல.”

சத்தார்குல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தோலோமுஷ் அதற்குள் ரொட்டியைப் பிய்த்து அவர் பக்கம் தள்ளி, “தின்னு, மொட்டை” என்றான். அதற்கு மேல் அந்தப் பேச்சு நடக்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி கூப்பிட்டாள். வாளியை எடுத்துக்கொண்டு போனான். கதவு திறந்து மூடியது, ஒரு சிரிப்பு, ஒரு அதட்டல், பாத்திரச் சத்தம். எல்லாம் அந்தப் பக்கத்தில்.

இந்தப் பக்கத்தில் எஞ்சின் ஆறும் டிக் டிக் சத்தம் கொஞ்ச நேரம் துணைக்கு இருந்தது. அதுவும் நின்றது. சத்தார்குல் சாம்பலும் சோப்பும் போட்டுக் கை கழுவினார். நகத்தின் கறுப்பு போகவில்லை. மாஸ்கோவுக்குப் போன் போட்டார்.

“அறுவடைக்கு அப்புறம் ஒரு ஆடு வெட்டலாம்னு இருக்கேன். எந்த எலும்பு யாருக்குன்னு சொல்லு.”

புருல்சா சிரித்தாள். அவளுக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ ருஷ்ய மொழியில் அதட்டினார்கள். ஆனாலும் பெரியவர்களிலிருந்து தொடங்கி விடாமல் சொன்னாள். பின்தொடை எலும்பு தோலோமுஷ் பேருக்கு வந்தது. எல்லாம் அவருக்கு முதல் தடவையே மனதில் நின்றுவிட்டது.

“சரியா கேக்கலை” என்றார் சத்தார்குல். “மொதல்லேருந்து சொல்லு.”