மூன்று அங்குல இடம்

இது நடந்தது. நடக்கவே இல்லை என்று சொல்லிவிட பேச்சிராஜுக்கும் ஆசைதான். ஆனால் அவனுடைய இடதுகை ஆள்காட்டி விரல் இன்றைக்கும் மடங்காது. மூன்று டாக்டர்கள் படம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். எலும்பில் ஒரு குறையும் இல்லையாம். பேய் பிசாசு என்றால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் அவன். அந்தச் சிரிப்பு நின்றது 2003 ஜூலையில், ஒரு வெள்ளிக்கிழமை, பட்டப்பகலில்.

ஒரகடத்துக்குப் பக்கத்து ஊரில் பரசுராமன் என்பவரின் வீடு. நிலத்தைக் கம்பெனிக்கு விற்ற கையோடு, வீட்டின் பெரிய கூடத்தை ஜிப்சம் போர்டால் ஆறு அறைகளாகத் தடுத்து, ஷிப்ட் பையன்களுக்கு வாடகைக்கு விட நினைத்தார். போர்டு வேலை சங்கரன்கோவில்காரனான பேச்சிராஜுடையது. வயரிங், அவன் தங்கை இசக்கிசெல்வியின் புருஷன் நம்பிராஜனுடையது. தங்கைக்கு அப்போது ஏழு மாசம். இருவரையும் பஸ் ஏற்றும்போது அண்ணனிடம் ஒன்றுதான் சொன்னாள்.

“கரண்டு வேலண்ணே. அவுகளப் பாத்துக்கோ.”

“எம் உயிரக் குடுத்துப் பாத்துக்கிடுதேன்” என்றான். வார்த்தை கொடுப்பதற்கு என்ன செலவு?

சுவிட்ச் பெட்டிக்காகப் போர்டில் ஓட்டை போட இரண்டு வழி. மெஷின் அரை நிமிடத்தில் வெட்டிவிடும். ஆனால் அதற்குக் கண் கிடையாது, பின்னால் வயர் இருந்தால் அதையும் சேர்த்து அறுக்கும். கூர்முனைக் கைரம்பத்துக்கு நாலு நிமிடம் ஆகும். ஆனால் பின்னால் இருப்பது என்னவென்று கைக்குத் தெரிந்துவிடும். பேச்சிராஜ் மெஷின் கட்சி. மாப்பிள்ளை இழுத்த வயரை இரண்டு தடவை அறுத்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டும் திருந்தாதவன்.

அன்றைக்கும் மெஷினைத்தான் ஓட விட்டான். விரல் வலிக்காமலிருக்க அதன் சுவிட்சை அழுத்திப் பூட்டிவிடுவது அவன் வழக்கம். போர்டில் வைக்கப் போன நொடியில், சரியாக இரண்டு மணிக்கு, கரண்ட் போய்விட்டது. பூட்டை விடுவிக்காமலே மெஷினைத் தரையில் வைத்தான்.

“மூணரைக்கு முன்னாடி வராதுப்பா. லைன்ல வேல நடந்துகினு கீது” என்று சொல்லிவிட்டுப் பரசுராமன் கடைப்பக்கம் போனார். வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்.

நம்பிராஜன் ஏணியைத் தூக்கினான். “நல்லதாப் போச்சு. அதுக்குள்ள பின் ரூம்ல மேல இருக்க ஜாயிண்டெல்லாம் முடிச்சிருதேன்.”

“பியூஸப் புடுங்கிட்டு ஏறு மாப்ள.”

“கரண்டே இல்லையே மச்சான்!” என்று சிரித்தான்.

“சரி, நீ ஏறு. இந்த ஒத்த ஓட்டைய முடிச்சிட்டு நானே போய்ப் புடுங்குதேன்.”

பியூஸ் பெட்டி வாசல் பக்கம் இருந்தது. பன்னிரண்டு எட்டு வைத்தால் போதும். அந்தப் பன்னிரண்டு எட்டை அவன் அப்போதே வைத்திருக்க வேண்டும்.

மெஷின் இல்லாததால் கைரம்பத்தை எடுத்தான். அதற்கு ஒரு முறை உண்டு. முனையால் குத்தி, விரல் நுழைகிற அளவுக்குத் துளை போட வேண்டும். உள்ளே விரலை விட்டு, வயர் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் அறுக்கலாம். துளை போட்டான். வாட்ச்சில் மணி 2.24. விரலை உள்ளே விட்டான்.

ஏதோ ஈரமாகப் பட்டது...

புதுப் போர்டு. முந்தாநாள்தான் இரண்டு பக்கமும் அடித்து மூடியிருந்தான். ஈரத்துக்கு வழியே இல்லை. விரலை இழுத்தான்.

வரவில்லை.

போர்டின் ஓரம் இடிக்கிறது என்று நினைத்தான். இல்லை. உள்ளே இரண்டு விரல்கள் அவன் விரலைப் பிடித்திருந்தன.

“மாப்ள, விளையாடாத.”

“என்ன மச்சான்?”

குரல் பின் அறையிலிருந்து வந்தது. கூடவே சுத்தியல் சத்தம். டொக்... டொக்...

அப்படியென்றால் இது யார்? இரண்டு போர்டுக்கும் நடுவே மூன்று அங்குல இடம். ஒரு பூனை கூட உட்கார முடியாது.

‘இறங்கு மாப்ள’ என்று கத்த வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

2.31. ஓங்கி ஒரு மிதி மிதித்தால் உடைகிற போர்டு. கால் எழவில்லை.

2.36. வலதுகையில் ரம்பம் இருந்தது. ஒரு இழுப்பு அறுத்தான். பிடி இறுகியது. இன்னொரு இழுப்பு... இன்னும் இறுகியது. ரம்பம் கீழே விழுந்தது.

டொக்... டொக்... மாப்பிள்ளை ஏதோ பாட்டை முணுமுணுத்தான்.

பியூஸ். பன்னிரண்டு எட்டு.

பேச்சிராஜ் அழுதான். சத்தமே இல்லாமல்.

2.41.

பல்ப் எரிந்தது.

கிர்ர்ர்ர்... தரையில் மெஷின் சுற்றியது.

பின் அறையில் ‘தொம்’ என்று ஒரு சத்தம்.

பல்ப் அணைந்தது. மெஷின் நின்றது.

பிடி விட்டது.

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே நம்பிராஜன் உயிர் போய்விட்டது. மறுநாள் பரசுராமன் அந்தச் சுவரை உடைத்துப் பார்த்தார். உள்ளே வெள்ளைத் தூசியும் ஒரே ஒரு வயரும்தான். சாவு நடந்த அன்று சாயங்காலம் ஊரெல்லாம் விளக்கு எரிந்தும் தன் வீடு மட்டும் இருட்டாகவே கிடந்தது என்றும் அவர் சொன்னார். சாவு வீட்டு அலைச்சலில் அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பியூஸைப் பிடுங்காமல் விட்ட பாவி நான்தான் என்று பேச்சிராஜ் தலையில் அடித்துக்கொண்டே திரிந்தான். தங்கை முகத்தில் விழிக்கத் துணிச்சல் இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவளே தேடி வந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மஞ்சள் பையை அவன் மடியில் கவிழ்த்தாள். வாட்ச், பென்சில், டெஸ்டர். அப்புறம் வெள்ளைப் பீங்கானில் இரண்டு பியூஸ்.

“அவுக சட்டப் பையில இருந்துச்சாம்.”

கரண்ட் வேலைக்காரர்களில் விவரமானவர்கள் செய்கிற காரியம் அது. பியூஸைப் பிடுங்கிப் பெட்டி மேல் வைத்தால் யாராவது தெரியாமல் திரும்ப மாட்டிவிடுவார்கள். அதனால் தன் பையிலேயே போட்டுக்கொண்டு ஏணி ஏறுவார்கள். மச்சானைச் சீண்டிவிட்டு, அவன் பார்க்காத நேரத்தில் வாசல் பக்கம் போய் நம்பிராஜன் அதைச் செய்திருக்கிறான்.

“நீ புடுங்கலன்னாலும் அவுக புடுங்கித்தான் வச்சிருக்காக. ஒம் மேல தப்பு இல்லண்ணே” என்று சொல்லி இசக்கிசெல்வி அவன் தோளில் சாய்ந்து அழுதாள்.

பேச்சிராஜ் அந்த இரண்டு பியூஸையும் பார்த்துக்கொண்டே இருந்தான். பரசுராமன் வீட்டில் ஜெனரேட்டர் கிடையாது. லைனில் மூன்றரைக்குத்தான் கரண்ட் விட்டார்கள். ஆனால் 2.41க்குப் பல்ப் எரிந்ததை அவன் கண்ணால் பார்த்தான். மெஷின் சுற்றிக் கீறிய தடம் அந்தத் தரையில் இன்னும் இருக்கிறது.