அண்ணனின் ஏ ஒன் ரத்தமும் ஆக்லாந்தில் பதினைந்து நாளும்

ஞாயிறு, காலை 11.40. ஆக்லாந்து விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி முறுக்கை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். திருச்சியிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து இன்னொரு பத்து மணி நேரம். என் கால் இரண்டும் தூணாகிவிட்டிருந்தன. இந்த நாட்டுக்குள் தின்பண்டம் எது கொண்டுபோனாலும் படிவத்தில் எழுதி 'டிக்ளேர்' பண்ணிவிட வேண்டும். மறைத்தால் அங்கேயே நானூறு டாலர் அபராதம். நான் பயந்துபோய் இருமல் மிட்டாயைக்கூட எழுதியிருந்தேன். கறிவேப்பிலையை மட்டும் எடுத்துக்கொண்டு முறுக்கைத் திருப்பித் தந்தார், மகராசன்.

வெளியே அண்ணன் முரளி நின்றார். மூன்று வருடத்துக்கு முன் பார்த்த தொப்பையில் பாதியைக் காணோம். ஆனால் இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலை. முழங்கால் மூட்டு தேய்ந்துவிட்டது. மூட்டு மாற்ற வேண்டுமானால் எடை நூறு கிலோவுக்குக் கீழே வரவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நூற்றேழில் தொடங்கியவர் இப்போது நூறும் கொஞ்சமும். வியாழக்கிழமை எடை பார்க்கிறார்கள். தேறினால் ஆபரேஷனுக்குத் தேதி, இல்லையென்றால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதுதான்.

எப்சம் பகுதியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர். காரில் முறுக்குப் பொட்டலத்தை நீட்டினேன்.

"அடிப்பாவி, என் ரத்த குரூப்புக்கு ஆகாதுடி!" என்றார். "ரத்தத்துக்கு ஏத்த சாப்பாடு. ஒரு வீடியோல பாத்தேன். நான் ஏ. ஏ குரூப்காரன் கறி தொடக்கூடாது, பால் தொடக்கூடாது. கீரை, பருப்பு, காய்தான். நானும் உங்கண்ணி கௌரியும் பத்து மாசமா இப்படித்தான். ஆறு கிலோ போயிருச்சு பாரு!"

ஆட்டுக்கறி என்றால் உயிரை விடுகிறவர் என் அண்ணன். அவர் வாயிலிருந்து கீரை என்று கேட்டபோது மழை வரும்போல இருந்தது. வந்தது. ஆக்லாந்தில் மழைக்குக் காரணமே வேண்டாம்.

பகல் 1.15. வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஏ குரூப் பட்டியல் ஒட்டியிருந்தது. பக்கத்தில், ஊக்கத்துக்காம், அவருடைய பத்தாம் வகுப்பு அடையாள அட்டை. ஒல்லிக்குச்சி முரளி முறைத்துக்கொண்டிருந்தார். கீழே நீல மையில் கோணல் எழுத்து: ரத்தப் பிரிவு, ஏ1 பாசிட்டிவ்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் கையெழுத்து!

அப்போது எனக்கு எட்டு வயது. அட்டையை நிரப்பிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அப்பா ஷிஃப்டில் இருந்தார். அண்ணன், "நீ எழுதிருடி" என்று கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார். எனக்கு அந்த வருடம்தான் காமாலை வந்து ரத்தம் பார்த்திருந்தார்கள், ஏ ஒன். கூடப் பிறந்தவன் என்றால் ஒரே ரத்தம்தானே என்று எழுதிவிட்டேன். அந்த எட்டு வயசு மூளையை நம்பி ஒரு மனுஷன் பத்து மாதமாகக் கீரை தின்கிறார்.

திங்கள், காலை 9.00. அண்ணன் வேலைக்குப் போனதும் அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கௌரி அண்ணி யாழ்ப்பாணத்துக்காரர். நிதானமாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஓம் மச்சாள், எனக்குத் தெரியும். ஆறு மாசத்துக்கு முந்தி வந்த ஆஸ்பத்திரிக் கடிதத்திலை ஓ எண்டுதான் கிடந்தது. அவர் எந்தக் கடிதம் வாசிக்கிறவர்? எல்லாம் நான்தானே."

"அண்ணி! ஓ குரூப்னா அந்த வீடியோக்காரங்க கணக்குல கறிதானே சாப்பிடணும்?"

"அதுதான் சொல்லேல்லை. சொன்னா அண்டைக்கே முழு ஆட்டோடை வந்து நிண்டிருப்பார். நானும் ஓ தான், நானும் அவரோடை கீரைதான் தின்னுறன். அவர் மெலியேல்லையோ?" என்று சிரித்தவர், கராஜுக்குக் கூட்டிப்போய் ஓர் அட்டைப்பெட்டியைக் காட்டினார். உள்ளே வீட்டின் பெரிய தட்டுகள் அத்தனையும். "சின்னத் தட்டு, ஒருக்காத்தான் சோறு, தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. ரத்தத்துக்கு இதுகள் தெரியுமே? வியாழன் வரைக்கும் வாயைத் திறக்காதையுங்கோ."

திறக்கவில்லை.

செவ்வாய், மாலை 4.30. ஒன் ட்ரீ ஹில், வீட்டுக்குப் பக்கத்து மலை. உயரம் 182 மீட்டர். உச்சி வரை கார் போகாது. கீழே புல்வெளி முழுக்க ஆடுகள். அண்ணன் பெஞ்சில் முழங்காலைத் தேய்த்தபடி அவற்றையே பார்த்தார்.

"அந்தக் கறுப்பு மூஞ்சிக்காரன் நல்லா இருக்கான்ல?" என்றார். பிறகு குரலை இறக்கி, "கறிகூட வேணாம் சுமதி. இந்த மலை மேல ஒரு தடவ கௌரிகூட நடந்து ஏறணும். வந்த புதுசுல வாராவாரம் ஏறுவோம். இப்ப அவ தனியாப் போக மாட்டேங்கறா, எனக்காக இங்கயே உக்காந்துக்கறா" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. காற்றில் தூசி என்று சொல்லிவைத்தேன்.

வியாழன், காலை 10.20. ஆஸ்பத்திரியில் எடை மேடை மீது அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், மூச்சுக்கும் எடை உண்டு என்பதுபோல. தொண்ணூற்று ஒன்பது புள்ளி நான்கு! அண்ணி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார். ஆபரேஷனுக்கு ஆறு வாரத்தில் தேதி. நர்ஸ் தாளைப் பார்த்து விவரங்களைச் சரிபார்த்தார்: பெயர், வயது, ஓ பாசிட்டிவ்.

"இல்ல, ஏ" என்றார் அண்ணன்.

ஓ தான் என்று நர்ஸ் தாளைத் திருப்பிக் காட்டினார். ரத்தத்துக்கேற்ற சாப்பாட்டைப் பற்றி அண்ணன் பதறிக்கொண்டு கேட்டபோது, எந்த குரூப்பாக இருந்தாலும் குறைத்துச் சாப்பிட்டால் இளைக்கத்தான் செய்யும் என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

காரில் கிளம்பினோம். இரண்டாவது சிக்னலில் நான் உடைந்துவிட்டேன். அட்டையை, காமாலையை, எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணியும் கடிதத்தைச் சொன்னார். பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"ரெண்டு பேரும் டிக்ளேர் பண்ணாம உள்ள கொண்டாந்திருக்கீங்க," என்றார் அண்ணன். "ஆளுக்கு நானூறு டாலர் எடுத்து வைங்க."

பிறகு சிரித்தார் பாருங்கள், கார் குலுங்கியது.

அன்றைக்கு அண்ணி ஆட்டிறைச்சிக் குழம்பு வைத்தார். அண்ணன் கராஜுக்குப் போய்ப் பெரிய தட்டோடு வந்து, பெட்டி எங்கிருக்கிறது என்று முதல் மாதத்திலேயே தெரியும் என்றார். அண்ணி கரண்டியோடு திரும்பினார். "நீயும் சின்னத் தட்டுலதானே சாப்பிட்ட? அதான் கேக்கல" என்றவர், பெரிய தட்டை மேசை நடுவில் வைத்து மூன்று பேருக்கும் முறுக்கைக் கொட்டினார். சோற்றைச் சின்னத் தட்டிலேயே வாங்கிக்கொண்டார். மறுசோறு கேட்கவில்லை.

பதினைந்தாம் நாள் கிளம்பினேன். பெட்டிக்கு முப்பது கிலோ அனுமதி, இருபத்தொன்பதரை இருந்தது. திருச்சியில் திறந்தபோது துணிகளுக்கு நடுவே ஒரு சின்னத் தட்டு. இங்கே தட்டின் விளிம்பு தெரியாமல் சோறு போடுவதுதான் அன்பு. நானும் அப்படித்தான் போடுவேன், போட்டுக்கொள்வேன்.

"இது யாருக்கு?" என்றார் என் கணவர்.

"எனக்கு. உங்களுக்கும் இதே மாதிரி ஒண்ணு வாங்கணும்," என்றேன். "நான் மட்டும் தனியாச் சாப்பிட்டா நடக்காது."