பஷீராவின் முதல் வளைவு

கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, மேசை விசிறியை அதன் வயிற்றுக்கு நேராகத் திருப்பி வைத்த பிறகுதான் பஷீரா அக்கா காரை எடுப்பார். கார் என்றால் திரையில் ஓடும் கார். மேசை விளிம்பில் இறுக்கிய ஸ்டியரிங், தரையில் இரண்டு பெடல்கள், வெறுங்கால். பெடல் பின்னால் நகராமலிருக்க ஓர் அம்மிக்குழவி முட்டுக் கொடுத்திருக்கிறது. மேசைக் கால்களுக்கு அடியில், மழைக்கு வெள்ளம் புகும் முடிச்சூரில் எல்லார் வீட்டிலும் இருப்பதுபோல, செங்கல். நான் மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறேன். சாயங்காலம் கீழேயிருந்து இன்ஜின் உறுமினால் அக்காவின் கணவர் பாட்சா அண்ணன் இன்னும் சாப்பிடவில்லை என்று புரிந்துகொள்வேன்.

காலையில் அக்காவுக்கு வேறு வேலை. காலி மனை ஒன்றில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுத்தருகிறார். பர்தாவின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே ஓடுவார். அவருடைய முதல் விரோதி கூட வரும் கணவன்மார்கள்தான். "யோவ், வுடுய்யா வண்டிய! நீ புடிச்சிகினே வந்தா அது எப்போ ஓட்டறது?" என்று ஒரு சத்தம் போட்டால் எந்த ஆபீசராக இருந்தாலும் வேலியோரம் போய் நின்றுவிடுவார். என் கணவரும் அப்படி நின்றவர்தான். அதற்காகவே அக்காவை எனக்கு நிரம்பப் பிடிக்கும்.

விலைவாசியை அவர் ரூபாயில் சொல்லிக் கேட்டதில்லை. ஆள் கணக்குதான். ஹெட்போன் அரை ஆள். ஸ்டியரிங், கீழ்க்கட்டளையில் யாரோ விற்றது, நாலு ஆள். அத்தனை பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டால் அந்தப் பொருள் வீட்டுக்கு வரும். பாட்சா அண்ணன் ஏ.சி. மெக்கானிக், கைக்கு வரும் காசைக் கணக்குப் பார்க்காத மனிதர். "இ.எம்.ஐ.ல புதுசா ஒன்னு எடுத்துடலாம்மா" என்று அவர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். "என் வெளையாட்டு, என் காசு. நீ உன் வேலையப் பாரு" என்பதுதான் எப்போதும் பதில்.

அக்கா ஓட்டுவது இணையத்தில் நடக்கும் ஒரு பந்தய லீகில். அதில் முதல் பிரிவில் இருபது பேர். அக்கா ஒருவர்தான் பெண். பந்தயத்துக்கு முன்னால் எல்லாரும் ஹெட்போனில் பேசிக்கொள்வார்கள். "ஆன்ட்டி, அடுப்புல என்னமோ தீயுது, போய்ப் பாருங்க" என்று எவனாவது ஆரம்பிப்பான். அக்கா அந்த ஆளின் கார் எது என்று மட்டும் பார்த்து வைத்துக்கொள்வார்.

தொல்லை என்னவென்றால், இருபது காரும் ஒன்றாகக் குவியும் முதல் வளைவில் அக்காவின் கணினி திணறிவிடும். அத்தனை காரையும் ஒரே நேரத்தில் கணக்குப் போட அதன் பழைய ப்ராசஸருக்குத் தெம்பில்லை. படம் ஒரு கணம் அப்படியே உறைந்து நிற்கும். போன பந்தயத்தில் அப்படி உறைந்து மீண்டபோது அக்காவின் கார் சவுரிமுத்து என்பவரின் காருக்குள் போய்ச் சொருகியிருந்தது. சவுரிமுத்து புறநகர் ரயிலில் கார்டு, பெருங்களத்தூர்வாசி, ஐம்பதைத் தாண்டியவர். கோபக்காரர். அன்றைக்கே புகார் எழுதினார். இன்னொரு தடவை இடித்தால் பஷீரா முதல் பிரிவிலிருந்து நீக்கப்படுவார் என்று லீகில் அறிவித்துவிட்டார்கள். "பொம்பளை டிரைவிங்" என்று அதற்குக் கீழே ஒருவன் எழுதியிருந்ததை அக்கா எனக்குக் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா போனை அணைத்துவிட்டு, "ப்ராசஸர மாத்தறேன்" என்றார்.

மேற்குத் தாம்பரத்தில் வெற்றிவேல் என்பவரின் கணினிக் கடைக்கு நானும் கூடப் போனேன். வெற்றிவேல் கணினியைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இதுல ஒண்ணும் இல்லக்கா. மொத்தமா தூக்கிப் போட்டுட்டு புது செட் எடுத்துடுங்க."

"கேபினெட்டு இன்னா பண்ணுச்சி? கிராபிக்ஸ் கார்டு நல்லாத்தானே கீது? ப்ராசஸர் மாத்தணும். அது மாறுனா மதர்போர்டு மாறணும், ரேமு மாறணும். இந்த மூணும்தான். நாலாவதா ஒரு ஸ்க்ரூ கூட வாங்கமாட்டேன்."

ப்ராசஸரும் ரேமும் அங்கேயே வாங்கினார். மதர்போர்டு மட்டும் புதிதாக வாங்கக் கட்டுப்படியாகவில்லை. பழையது தேடிக் கீழ்க்கட்டளைக்குப் போனோம். ஒரே வீட்டில் இரண்டு இருந்தன. ஒன்று தினமும் ஓடிக்கொண்டிருந்த போர்டு, ஆனால் திருகு ஓட்டையோரம் லேசாகச் செம்பழுப்பு. மற்றது யாரோ ஆசையாக வாங்கி, பிரிக்காமலே பரணில் போட்டு வைத்தது. முடிச்சூர்க்காரியிடம் போய் இரும்புக் கறையைக் காட்டலாமா? அக்கா முதல் போர்டை நகத்தால் சுரண்டினார், மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார், "தண்ணி பாத்த போர்டு, வேணாம்" என்று ஒதுக்கிவிட்டார். பரணில் இருந்ததை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "கை படாத சரக்கு!" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் எல்லாவற்றையும் பூட்டினார். மறுநாள் சாயங்காலம் சீசனின் கடைசிப் பந்தயம். பொத்தானை அழுத்தினார். விசிறிகள் சுற்றின, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. ரேமைக் கழற்றி மாட்டினார், ஒயர்களை அழுத்திப் பார்த்தார். மறுபடியும் அதே கறுப்பு. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சட்டென்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு. ப்ராசஸர் போர்டுக்கு அப்புறம் வந்தது. இந்தப் புதுசு யாருன்னே அதுக்குத் தெரியல. ஓடிக்கினு இருந்த போர்டா இருந்தா எவனாவது அதோட சாப்ட்வேர அப்டேட் பண்ணி வச்சிருப்பான். இத்தத்தான் எவனும் தொடவே இல்லியே!" தொடாததைத் தேடி எடுத்ததே வினையாகிவிட்டது. அப்டேட் செய்யலாம்தான். அதற்கு முதலில் போர்டுக்குத் தெரிந்த பழைய வகை ப்ராசஸர் ஒன்றை உட்காரவைத்துக் கணினியை எழுப்ப வேண்டும். அக்காவின் பழைய ப்ராசஸரோ இந்தப் போர்டில் உட்காராத வேறு வகை.

வெற்றிவேலுக்குப் போன் செய்தார். "திங்கக்கிழமை கொண்டாங்கக்கா. நான்தான் அப்பவே புது செட் எடுங்கன்னு சொன்னேனே" என்று சிரித்தார். அக்கா போனை வைத்துவிட்டார். பாட்சா அண்ணன் கதவருகே நின்று, "ஒரு ரேஸ்தானம்மா, போனாப் போவுது" என்றார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். அண்ணன் டீ போடப் போய்விட்டார்.

பந்தயக்காரர்கள் எல்லாரும் தங்கள் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று லீகின் பக்கத்தில் பெருமையாகப் போட்டு வைத்திருப்பார்கள். அக்கா விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். வேண்டிய பழைய ப்ராசஸர் அக்கம்பக்கத்து ஊர்களில் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. சவுரிமுத்து. நானாக இருந்தால் செத்தாலும் கூப்பிட்டிருக்கமாட்டேன். அக்கா ஸ்பீக்கரில் போட்டே கூப்பிட்டார், விஷயத்தைச் சொன்னார்.

"என்னம்மா, உப்பு புளி கேக்குற மாதிரி ப்ராசஸரக் கேக்குற? என்னை இடிச்சதே நீதானே?"

"இடிச்சது நான்தான் சார், இல்லேங்கல. ஆனா நின்னது என் கையி இல்ல, மெசினு. அத்த நாளைக்குக் காட்டணும். நான் வரலன்னா, கம்ப்ளெய்ன்ட் குடுத்து ஒரு பொம்பளைய தொரத்திட்டாருன்னு உங்களத்தான் பேசுவாங்க. ரோட்ல ஜெயிச்சாருன்னு எவனும் சொல்லமாட்டான். இன்னா சொல்றீங்க?"

"கழட்டும்போது ஒரு பின்னு வளைஞ்சாலும் நாளைக்கு நானும் ஓட்ட முடியாது, தெரியுமில்ல?"

"தெரியும். அதான் நீங்களே கழட்டி எடுத்தாங்க. முதல்ல கொஞ்ச நேரம் கேம் ஓடட்டும், சூட்டுல விசிறிய ஒட்டிக்கினு கீற பேஸ்ட்டு எளகும். மேல கீற விசிறியத் திருப்பித் திருப்பி எடுங்க. இழுத்தா ப்ராசஸரும் கூடவே வந்துரும்."

"எனக்குத் தெரியும்மா!" என்று கத்திவிட்டு வைத்தார்.

ஆனால் வந்தார். வெள்ளைச் சீருடையில், கையில் ஒரு சோப்பு டப்பா. அதற்குள் ஸ்பாஞ்சின் மேல் அந்தச் சில்லு. அவரே குனிந்து போர்டில் வைத்தார், ஒரு விரலால்கூட அழுத்தவில்லை, தானாக இறங்கியது. திரை எழுந்தது. பென்டிரைவைச் செருகி அக்கா அப்டேட்டைத் தொடங்கினார். அது முடிவதற்குள் கரண்ட் போனால் போர்டு அதோடு சரி, குப்பைக்குத்தான். முடிச்சூரில் காற்றடித்தாலே கரண்ட் போகும். "மேல மோட்டாரப் போட்றாதே!" என்று அக்கா என்னைப் பார்த்து அதட்டினார். நான் ஓடிப்போய் மோட்டார் சுவிட்சுக்குக் காவலாக நின்றேன். பாட்சா அண்ணன் ஃபேனைக்கூட அணைத்துவிட்டார். கீழே மூன்று பேரும் வியர்த்து வழிய, திரையில் நகரும் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்களாம்.

கோடு முடிந்தது. அக்கா தன் புது ப்ராசஸரை மாட்டிப் பொத்தானை அழுத்தினார். படம் வந்தது. நான் படியில் இறங்கும்போதே அண்ணனின் சிரிப்பு கேட்டது. சவுரிமுத்து டீயைக் குடித்துவிட்டு, சோப்பு டப்பாவைச் சட்டைப் பையில் வைத்துப் பட்டன் போட்டார். "நாளைக்கு நான் வழி விடமாட்டேன், சொல்லிட்டேன்" என்றார். "வுடாதீங்க" என்றார் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நானும் அண்ணனும் நின்றோம். ஹெட்போனில் எவனோ என்னவோ சொல்லியிருக்க வேண்டும், அக்கா திரையில் ஒரு காரைப் பார்த்து வைத்துக்கொண்டார். கார்கள் புறப்பட்டன. நேர்ப் பாதை முடிந்து முதல் வளைவு வந்தது, இருபது காரும் மூட்டை அவிழ்ந்ததுபோல் உள்ளே சரிந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணன் என் தோளைத் தட்டினார். படம் நிற்கவில்லை. அக்கா எவர் மேலும் உரசாமல், வெறுங்காலால் பிரேக்கை மெல்ல அளந்து, வளைவைக் கடந்து வெளியே வந்திருந்தார்.

முன்னால் மஞ்சள் கார் ஒன்று பாதையின் நட்டநடுவில் போய்க்கொண்டிருந்தது. மேலே சவுரிமுத்து என்று பெயர். இடப்பக்கமும் வழியில்லை, வலப்பக்கமும் வழியில்லை. அக்கா அதன் வாலில் போய் ஒட்டிக்கொண்டார். பிறகு கட்டைவிரலை ஸ்டியரிங்கின் பொத்தானில் வைத்து, ஜி.எஸ்.டி. ரோட்டில் பின்னால் வந்து வழி கேட்கும் பஸ்ஸைப்போல, முகப்பு விளக்கை அவருக்கு இரண்டு தடவை அடித்துக் காட்டினார்.