மைமூன் அக்கா கழுவித் தந்த மூன்று நிமிடம்

அடுத்த ஆண்டுக் காலண்டரின் ப்ரூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது காதர் அழைத்தார். மைமூன் அக்காவின் ஒரே மகன். "மாரியக்கா, அம்மா மௌத்தாயிட்டாக. லுகர் தொழுகைக்குப் பெறகு எடுக்கோம்" என்றார். அக்கா இறந்துபோன செய்தி அவ்வளவுதான். கையிலிருந்த தாளில் ஆவணி மாதம். ஒரு தேதி தவறாக இருந்தது. அதைத் திருத்திவிட்டுத்தான் எழுந்தேன். பிழையை அப்படியே விட்டு வந்தால் அக்கா கோபித்துக்கொள்வார் என்று தோன்றியிருக்க வேண்டும்.

சிவகாசியிலிருந்து அக்காவின் ஊரான விருதுநகர் வரும்வரை பேருந்து ஜன்னலில் வெயில் ஆடை படிந்த பாலைப்போல அசைந்துகொண்டே வந்தது. கருவேலங்காடு, தீப்பெட்டி ஆபீஸ், மறுபடி கருவேலங்காடு. எதுவும் நிஜமாக இல்லை.

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பத்தொன்பது வயதில் சிவகாசியில் ஓர் அச்சகத்தின் கேமரா பிரிவில் சேர்ந்தவர். ஆளுயரக் கேமராவில் படம் பிடித்து, இருட்டறையில் ஃபிலிமை மருந்தில் போட்டு உருவத்தை வெளியே கொண்டுவர வேண்டும். அதை நாங்கள் கழுவுவது என்போம். முதலாளிமார் வீட்டு ஆட்கள் "இருட்டுக்குள்ள பொம்பளப்பிள்ளைக்கு என்ன வேலை" என்று கேட்டார்களாம். "வெளிச்சத்துல செஞ்சா படம் வராதுங்க" என்றாராம் அக்கா. நான் சேர்ந்த காலத்தில் அந்தக் கேமராவைப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தார்கள். அக்கா ஸ்கேனரில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அடுத்த நாற்காலி எனக்கு. இருபது வருடம் அப்படியே இருந்தோம். மருந்து பட்டுப் பழுப்பேறிய நகங்கள். டீயில் சர்க்கரை குறைந்தால் முகம் சுண்டிவிடும். கோபம் வந்தால் பேசமாட்டார். நாற்காலியை மட்டும் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொள்வார்.

ஓய்வு பெற்றபின், பழைய பேப்பர் கடையில் எட்டு மில்லிமீட்டர் படச்சுருள்கள் நான்கைக் கண்டார். யாரோ தங்கள் வீட்டு விசேஷத்தை எடுத்து வைத்து, பின்னால் வந்தவர்கள் தூக்கிப் போட்டது. அவற்றை வாங்கி வந்து, உடைந்த புரொஜெக்டர் ஒன்றின் முன்னால் டிஜிட்டல் கேமராவைப் பொருத்தி, ஒவ்வொரு கட்டமாகப் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் கோத்தார். படத்தில் ஒரு குழந்தை கேக்கின்மேல் கையை வைத்தது. யாரென்றே தெரியாத அந்தக் குழந்தையைப் பார்த்து அன்று பகல் முழுக்கச் சிரித்ததாகச் சொன்னார். கடைசியில் அதன் வீட்டாரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். பிறகு ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

அப்படித்தான் விஜயா அம்மா வந்தார். அச்சங்குளத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தவரின் மகள். அப்பா காலமானபின் பீரோவைக் காலி செய்தபோது சூப்பர் எட்டு என்கிற பழைய சினிமா கேமரா ஒன்று கிடைத்தது. அதற்குள் எடுத்து முடித்தும் கழுவாத ஒரு சுருள். நாற்பது வருடத்துக்கும் மேல் உள்ளேயே கிடந்திருக்கிறது. "வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்" என்று வைத்துவிட்டுப் போனார்.

அந்த வகைச் சுருளை வண்ணத்தில் கழுவும் மருந்து இப்போது எங்குமில்லை. கறுப்பு வெள்ளையாக முயன்று பார்க்கலாம். அதுவும் ஒரே முறைதான். அக்கா குளியலறையின் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி ஒட்டினார், கதவிடுக்கில் ஈரத்துணியைத் திணித்தார். பட்டப்பகலில், சித்திரை வெயில் கொதிக்கும்போது, உள்ளே உட்கார்ந்து முதல் ஓர் அடியை வெட்டிச் சோதித்தார். படம் கரியாகப் போயிற்று. மருந்தின் நேரத்தைக் குறைத்து மீதியைக் கழுவினார். ஃபிலிமின் பின்புறத்துக் கறுப்புப் பூச்சைச் சலவைச் சோடா கரைத்த நீரில் ஊறவைத்து விரலால் துடைத்து எடுத்தார். மூன்று நிமிடம் ஓடும் அந்த ஐம்பது அடிச் சுருளை வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி, மேலும் கீழுமாகத் தொங்கவிட்டு இரண்டு நாள் உலர்த்தினார். அந்த இரண்டு நாளும் மின்விசிறி போடக்கூடாது; தூசி ஒட்டும். காதரும் அம்மாவும் வியர்த்து வழிந்துகொண்டு, கொடிகளுக்கடியில் குனிந்து குனிந்து நடந்தார்களாம்.

உருவம் வந்திருந்தது. மழைக்குள் நிற்பதைப்போல மங்கலாக, ஆனால் வந்திருந்தது. கம்பெனி வாசலில் ஆயுத பூஜை. வேப்பமரம். அதன்கீழ் பொரிப் பொட்டலம் வாங்க வரிசையாக நிற்கும் பெண்கள்.

அச்சங்குளம் என்றதும் அக்காவுக்கு என் நினைவு வந்திருக்கிறது. எனக்கு இரண்டு வயதாக இருக்கும்போது, தீபாவளி சீசனில், அந்தக் கம்பெனியில் ஏற்பட்ட தீயில் என் அம்மா இறந்தார். வீட்டில் அவருடைய புகைப்படம் ஒன்றுகூடக் கிடையாது. எடுத்ததே இல்லை. எங்கள் இருபது வருடப் பேச்சில் ஒரே ஒரு முறை இதைச் சொல்லியிருப்பேன்.

அக்கா என்னைக் கூப்பிடவில்லை. முதலில் விஜயா அம்மாவிடம் பேசினார். அவர் பயந்துபோனார். அந்தப் பூஜைக்குப் பத்தாம் நாள்தான் தீ. அதனால்தான் அப்பா சுருளைக் கழுவக் கொடுக்காமல் பூட்டி வைத்திருக்கிறார். அடங்கிப் போனதை ஏன் கிளற வேண்டும், அழித்துவிடுங்கள் என்றார். பிறகு காதர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அக்கா அன்று சொன்ன பதில்: "படம் உங்கப்பா எடுத்தது. அது உங்களோடது, நா கொடுத்துருவேன். அதுல நிக்கவுக உங்களோடது இல்லம்மா. ஒருக்க வந்து பாத்துட்டு அழிக்கச் சொல்லுங்க."

விஜயா அம்மா வந்தார். பார்த்தார். பொட்டலங்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது எட்டு வயது விஜயாவேதான். பட்டுப்பாவாடை தரையில் புரள, ஒவ்வொருவருக்காக எட்டி எட்டிக் கொடுக்கும் குழந்தை. அவருக்கு அந்த நாள் சுத்தமாக மறந்திருந்தது. இன்னொரு முறை போடச் சொன்னாராம். அதன்பின், "இவுகள்ல யாரெல்லாம் அக்கா?" என்று கேட்டிருக்கிறார். தீயில் போனவர்களைத்தான் கேட்டார். "எனக்குத் தெரியாது. தெரிஞ்சவுகளக் கூப்பிடட்டுமா?" என்றார் அக்கா. விஜயா அம்மா சரியென்றார்.

அதற்குப் பிறகே எனக்கு அழைப்பு வந்தது. பெரியம்மாவையும் கூட்டி வா என்றார், காரணம் சொல்லவில்லை. பெரியம்மா என் அம்மாவின் அக்கா. அதே கம்பெனியில் வேலை பார்த்தவர், தீ நடந்த அன்று காய்ச்சலில் வீட்டில் கிடந்தவர். போய் உட்கார்ந்தோம். விஜயா அம்மா சுவரோரம் நின்றார், உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

திரையில் பெண்கள் வந்தார்கள். சத்தமேயில்லை. பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லத் தொடங்கினார். சண்முகத்தாய். லட்சுமி. மேலத்தெரு முத்துமாரி. அவள் தங்கச்சி. கூட்டத்தில் தன்னையே கண்டபோது மட்டும் யாரோ என்று தாண்டிப் போய்விட்டார். பிறகு திரையின் பக்கம் கையை நீட்டினார்.

"இந்தா நிக்கால்ல, உங்கம்மா."

முழங்கைவரை அலுமினியப் பொடி படிந்து, கைகள் மட்டும் வெள்ளியாகத் தெரிந்தன. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, குழந்தை விஜயாவின் கன்னத்தைத் தொட்டார். கன்னத்தில் பொடி ஒட்டியது. அதைப் பார்த்துப் பதறித் துடைக்கப் போனார், இன்னும் அப்பியது. கேமராவின் பக்கம் திரும்பிச் சிரித்தார். அவ்வளவுதான், அடுத்த பெண் வந்துவிட்டாள். நான்கு விநாடி இருக்கும். என் அம்மாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. என்னில் பாதி. இவ்வளவு சின்னப்பெண்ணாக இருப்பார் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

விஜயா அம்மா தன் கன்னத்தில் கை வைத்திருந்தார். பிறகுதான் உட்கார்ந்தார், பெரியம்மாவின் அருகில், தரையில். பெரியம்மா அவரைப் பார்க்கவில்லை. ஆனால் தள்ளியும் உட்காரவில்லை.

நான் அழவில்லை. திரும்பப் போடுங்கள் என்றுதான் சொன்னேன். அக்கா எத்தனை முறை போட்டார் என்று தெரியாது. ஒருமுறைகூட மற்றவர்களைத் தாண்டி அந்த நான்கு விநாடிக்கு நேராகப் போகவில்லை. "எல்லாத்தையும் பாரு மாரி. அவுகளும் நிக்காகள்ல" என்றார்.

பெரியம்மா சொன்ன பெயர்களை அக்கா நோட்டில் எழுதி வைத்தார். அடுத்த மாதங்களில் அச்சங்குளத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். மகன்கள், தங்கைகள், மறுமணம் செய்துகொண்ட ஒரு கணவர். எல்லாருக்கும் முழுப்படத்தையும் போட்டுக் காட்டினார். பார்த்துவிட்டு வெளியே வந்தவர்கள் தெருவில் கொஞ்சதூரம் கனவில் நடப்பவர்கள்போல நடந்தார்கள் என்று காதர் சொல்வார்.

அக்காவுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. சென்ற மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "முதல்ல ஒரு அடி வெட்டி வீணாக்கிட்டேன்ல. அதுல யாரு நின்னாகளோ." வேப்பமரம் மட்டும்தான் இருந்திருக்கும் என்றேன். "உனக்கெப்படித் தெரியும்?" என்றார். அவர் சமாதானமாகவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறையப் பெண்கள். வெள்ளைத் துணிக்குள் முகம் மட்டும் தெரிந்தது. மிகவும் சுத்தமாக, கொஞ்சம் கண்டிப்பாக இருந்தது. சாம்பிராணி மணத்தில் ஓதும் குரல் எழுந்து தாழ்ந்தது. ஆண்கள் அக்காவைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். நாங்கள் வாசல்படியில் நின்றோம். தோள் மாற்றி மாற்றித் தெரு நெடுகப் போனபோது, நடக்கும் கால்கள் கூட்டத்தில் மறைந்து, சந்தூக் மட்டும் உச்சிவெயிலில் தண்ணீரின்மேல் போவதுபோல் மிதந்து போயிற்று. எண்ணெய்க்கிட்டங்கி அருகில் திரும்பும்போது பச்சைப் போர்வையின் ஓரம் காற்றில் ஒருமுறை எழுந்தது.

இருபது வருடத்தில் அவரிடம் நான் நன்றி என்ற சொல்லைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நாற்காலியைத் தள்ளிப் போட்டிருப்பார்.

நல்லபடியாப் போய்ச் சேருங்க அக்கா.